குடிநீர் காத்த கானகம்

அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யத்தில், ஒண்டாரியோ பேரேரிக்குத் தெற்கே, வடக்குத் தெற்காக நீண்டு ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாகக் கிடக்கும் பதினோரு ஏரிகளுக்கு விரல் ஏரிகள் என்று பெயர். ஆதியில் ஆறுகள் ஓடிய பள்ளத்தாக்குகளுக்குள் பனியுகத்தின் மாபெரும் பனிப்பாளங்கள் மீண்டும் மீண்டும் புகுந்து, அடியிலிருந்த மென்மையான பாறையை அரித்துக் குடைந்து, கடைசியில் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற நீண்ட பள்ளங்களில் தேங்கிய ஜலமே இந்த ஏரிகள். அவற்றுள் ஒன்பதின் கரையோரங்களில் கோடைகால வாசஸ்தலங்களும், படகுத் துறைகளும், விடுதிகளும் நெருங்கி நிற்கின்றன. பெரிய ஏரிகளைச் சூழ்ந்த சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் விளங்குகின்றன. எஞ்சிய இரண்டு ஏரிகளான ஹெம்லாக், கானடைஸ் ஆகியவற்றின் கரைகளிலோ, நீர் நிலையத்தைச் சார்ந்த சில கட்டடங்களைத் தவிர, தண்ணீர் விளிம்பு வரைக்கும் மரங்களே இறங்கி வந்து நிற்கின்றன.

இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகமான ஜனங்கள் வசிக்கும் ராச்செஸ்டர் நகரிலிருந்து தெற்கே சுமார் முப்பது மைல் தூரத்தில், ஒரு மணி நேரத்துக்குள் மோட்டாரில் சென்றடையக்கூடிய சமீபத்தில், இத்தகைய இரண்டு ஏரிகள் இருப்பது அறிந்தோர்க்கு ஆச்சரியமளிக்கும். ஹெம்லாக் ஏழு மைல் நீளமும் அரை மைல் அளவு அகலமும் உடையது. அதற்குக் கிழக்கே, ஒரு மலை முகட்டுக்கு அப்பால், மூன்று மைல் நீளமே உள்ள கானடைஸ் கிடக்கிறது. விரல் ஏரிகள் அனைத்திலும் சிறியது அதுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 அடி உயரத்தில் மற்ற எல்லாவற்றிலும் உயர்ந்து நிற்பதும் அதுவே. கரையோரத்து மரங்களின் அடர்த்தியைக் காண்போர், மனிதக் கை படாத ஆதிவனம் ஒன்று எப்படியோ நகரத்தின் கண்ணில் படாமல் தப்பிவிட்டதென்று எண்ணக்கூடும். அந்த எண்ணம் இயல்பானதாயினும் உண்மை அதற்கு நேர்மாறானது. இங்கே வீடுகள் இருந்தன, விடுதிகள் இருந்தன, வயல்கள் இருந்தன. அவற்றை அகற்றிக் கானகத்தை மீண்டும் கொண்டுவந்தது நகரமேயாகும்.

அதற்கும் முந்திய சரித்திரம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கரைகளில் நடப்பது முறையாகாது. ஹொடனொசௌனி என்னும் ஆறு குலங்களின் கூட்டமைப்பில் மேற்கு வாயிலைக் காத்து நின்ற செனெகா மக்களின் பூமி இது. அமெரிக்கச் சுதந்திர யுத்தத்தின்போது, 1779-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஜெனரல் சல்லிவன் தலைமையில் வந்த சைனியம் இந்த ஏரிகளின் வடமுனைகளைக் கடந்து மேற்கே சென்று, வழியெங்கும் அவர்களுடைய கிராமங்களையும், சோள வயல்களையும், பழத்தோட்டங்களையும் தீக்கிரையாக்கிற்று. அதன் பிறகு வந்து குடியேறியவர்கள் சரிவுகளில் காட்டை வெட்டிப் பயிர் செய்ய முயன்றார்கள். செங்குத்தான நிலமும் மெல்லிய மண்ணும் அவர்களுக்கு உதாரமாக எதையும் கொடுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோடை உல்லாசத்தை நாடிய நகரவாசிகள் வரத் தொடங்கவே, கரையோரம் எங்கும் சிறு வீடுகள் எழுந்தன. ஹெம்லாக் ஏரியில் நீராவிப் படகுகள் ஓடின.

அதே காலத்தில் ராச்செஸ்டர் நகரம் நல்ல தண்ணீருக்காகத் தவித்துக்கொண்டிருந்தது. ஜெனெசீ நதியின் நீர்வீழ்ச்சிகளைக் கொண்டு மாவு ஆலைகளை ஓட்டிச் செல்வம் கொழித்த அந்நகரம், குடிப்பதற்குக் கிணறுகளையே நம்பியிருந்தது. ஜனநெருக்கம் மிகுந்த வீதிகளில் கிணறும் மலக்குழியும் அருகருகே இருந்த நிலையில், 1832-லும் 1852-லும் காலரா வந்து பலரை வாரிக்கொண்டு போயிற்று. தெற்கே மலைகளுக்கிடையில் தெளிந்து கிடந்த ஹெம்லாக் ஏரியின் மீது நகரத்தாரின் பார்வை சென்றது. ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 அடி. நகரம் இருப்பதோ சுமார் 500 அடி உயரத்தில். ஆகவே பம்பு எதுவும் வேண்டாமல், பூமியின் ஈர்ப்பு ஒன்றினாலேயே அந்த ஜலம் முப்பது மைல் தூரம் குழாய்களில் தவழ்ந்து நகரத்துக்கு வந்து சேரக்கூடும். நெல்சன் டப்ஸ் என்ற பிரதம பொறியாளரின் மேற்பார்வையில் அந்த வேலை நடந்து முடிந்து, 1876-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹெம்லாக் ஏரியின் தண்ணீர் ராச்செஸ்டரை அடைந்தது. பின்னர் கானடைஸின் நீரும் அதனோடு சேர்க்கப்பட்டது. இன்றைக்கும் அந்த நகரத்தார் குடிக்கும் நீரில் பெரும்பகுதி இவ்விரு ஏரிகளிலிருந்தே, அதே ஈர்ப்பு சக்தியினாலேயே, இறங்கி வருகிறது.

தண்ணீரைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, அது பிறக்கும் இடத்தைக் காக்கவும் வேண்டும் என்பதை அந்த நகரசபை விரைவில் உணர்ந்ததுதான் இந்தக் கதையின் உயிர்நிலை. கரையோர வீடுகளின் கழிவும், உழுத சரிவுகளிலிருந்து மழை அரித்துக் கொண்டுவரும் மண்ணும் ஏரிக்குள் இறங்காதிருக்க வேண்டுமானால், கரை முழுவதும் தன் வசம் இருக்க வேண்டுமென்று தீர்மானித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒவ்வொரு மனையாக, ஒவ்வொரு பண்ணையாக நகரம் வாங்கிக்கொண்டே வந்தது. 1947-ஆம் ஆண்டளவில் இரு ஏரிகளின் கரைகளும் முழுதும் அதற்குச் சொந்தமாயின. வீடுகளும் விடுதிகளும் அகற்றப்பட்டன. மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காக, தரிசாய் விடப்பட்ட வயல்களில் ஊசியிலை மரக்கன்றுகளை நட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கோடையைக் கழித்த வீட்டை விட்டுப் போக நேர்ந்தவர்களின் மனவருத்தத்தை நான் சிறியதாக மதிக்கவில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அருந்தும் நீரைக் காப்பதற்காக ஒரு நகரம் தன் பொக்கிஷத்திலிருந்து அரை நூற்றாண்டு காலம் பொறுமையாகச் செலவிட்டு, கட்டடம் எழுப்புவதற்கன்றி, கட்டடமே இல்லாதிருப்பதற்காக நிலம் வாங்கியதை, சிறந்த பொதுக் காரியங்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

இக்காலத்தில் நிலத்தின் உரிமை கை மாறிவிட்டது. 2010-ஆம் ஆண்டில் நியூயார்க் ராஜ்ய சர்க்கார் 6,684 ஏக்கர் நிலத்தை ஒரு கோடியே முப்பத்தேழு லட்சம் டாலர் விலைக்கு நகரத்திடமிருந்து வாங்கி, ஹெம்லாக்–கானடைஸ் ராஜ்ய வனமாக அறிவித்தது. ஏரித் தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நகரத்திடமே உள்ளது. குடிநீர் ஏரிகள் என்ற நிலை மாறவில்லையாதலால், நிபந்தனைகள் பல தொடர்கின்றன. நீந்தக் கூடாது, படகு பதினேழு அடிக்கு மேற்படலாகாது, மோட்டார் பொருத்தினால் பத்துக் குதிரைச் சக்திக்கு உட்பட்டிருக்க வேண்டும், கூடாரமடித்து இரவு தங்குவதற்கும் அநுமதி இல்லை. இந்நிபந்தனைகளைக் கண்டு வருந்துவோரும் உளர். ஆனால் வேகப் படகுகளின் இரைச்சல் இங்கே இல்லாததற்கும், நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்காததற்கும் காரணம் அவையே.

நடப்பதற்கு வருவோர் பெரும்பாலும் முதலில் நாடுவது கானடைஸின் மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும் பாதையை. ஒரு காலத்தில் கோடை வீடுகளுக்கு வண்டிகள் சென்றுவந்த சாலையே இப்போது பாதையாகியிருப்பதால், மூன்றரை மைலுக்குச் சற்று மேற்பட்ட அதன் நீளம் முழுவதும் பெரும்பாலும் சமதளமாகவும், இருவர் மூவர் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கத்தக்க அகலமாகவும் அமைந்திருக்கிறது. வடமுனையில் பர்சல் ஹில் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால், சிறிது தூரம் மரங்களுக்கிடையே சென்று, பின்பு ஏரியை விட்டு அகலாமல் தெற்கு நோக்கிச் செல்லலாம். கவனித்துப் பார்ப்பவர்களுக்கு, இலைச் சருகுகளின் நடுவே பழைய வீடுகளின் அஸ்திவாரக் கற்கள் சில இடங்களில் தென்படும். வரிசை பிசகாமல் நிற்கும் ஊசியிலை மரங்களைக் கண்டால் அவை தாமாக முளைத்தவையல்ல, நகரசபையின் ஆட்கள் நட்டவை என்பதை உணரலாம். அவற்றின் நிழலில் மேப்பிளும் ஓக்கும் தம் விருப்பம்போல் முளைத்து வளர்ந்து, அந்த வரிசையை மெல்லக் கலைத்து வருகின்றன.

சற்று சிரமப்பட்டு ஏறி இறங்க விரும்புவோருக்கு, இரு ஏரிகளுக்கும் இடையிலுள்ள மலையில் ராப்ஸ் டிரெயில் என்ற மற்றொரு பாதை உண்டு. முகட்டிலிருந்து அது ஹெம்லாக் ஏரியின் கரை வரையில் ஓடைகளைக் கடந்து இறங்குகிறது. இறங்கும்போது இன்பமாயிருப்பது திரும்பி ஏறும்போது மூச்சை வாங்கும். இலையுதிர் காலத்தின் பின்பகுதியில் செல்கிறவர்கள் ஒன்றை மறக்கலாகாது: ராஜ்ய வனங்களில் பருவகாலத்தில் வேட்டைக்கு அநுமதி உண்டு. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரையில் மான் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியுடன் உலவுவார்களாகையால், பளிச்சென்ற ஆரஞ்சு வர்ணத்தில் மேலாடையோ தொப்பியோ அணியாமல் காட்டுக்குள் நுழைவது விவேகமன்று.

பிறகு பனி வருகிறது. கனடாவிலிருந்து வீசும் குளிர்ந்த வறண்ட காற்று, இன்னும் உறையாமல் இளஞ்சூடாயிருக்கும் பேரேரிகளின் மேல் கடந்து வரும்போது ஈரத்தை வாரிக்கொண்டு, கரையேறி நிலத்தின் மேல் உயரும் இடத்தில் அதை வெண்பனியாகக் கொட்டுகிறது. அதனால்தான் ராச்செஸ்டரில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக நூறு அங்குல அளவு பனி பெய்கிறது. தெற்கேயுள்ள உயர்ந்த குன்றுகளில் விழுந்த பனி நகரத்தைவிட அதிக நாள் உருகாமல் கிடக்கிறது. முழங்கால் ஆழமுள்ள புதுப் பனியில் வெறும் பூட்சுடன் நடப்பவன், ஒவ்வோர் அடியிலும் கால் புதைந்து, அதைப் பிடுங்கி எடுத்து, மறுபடியும் புதைந்து, கால் மைலுக்குள் களைத்துப் போவான். இதற்குப் பரிகாரமாக ஏற்பட்டதே ஸ்னோஷூ என்னும் பனி மிதியடி.

சேறாடிய வயலில் பரம்புப் பலகையின் மேல் நிற்பவன் புதையாமலிருப்பதற்கு எது காரணமோ, அதுவே இதற்கும் காரணம்: உடலின் பாரம் அகன்ற பரப்பில் பரவுவதால் கீழுள்ள பனி அதைத் தாங்குகிறது. முற்றிலும் அமிழாமலிருப்பதில்லை, சில அங்குலம் இறங்கி நின்றுவிடும். செனெகா மக்களும் வட அமெரிக்காவின் வனங்களில் வாழ்ந்த மற்ற ஆதிக்குடிகளும் ஆஷ் மரத்தின் சட்டத்தை நீராவியில் வளைத்து, இடையில் பதப்படுத்தாத தோல்வாரைப் பின்னி இதைச் செய்தார்கள். அடர்ந்த புதர்களுக்கிடையே புகுந்து செல்வதற்குக் கரடியின் பாதம் போன்ற வட்ட வடிவும், திறந்த வெளியில் நெடுந்தூரம் போவதற்கு நீண்ட வாலுள்ள வடிவும் என்று, நிலத்துக்கேற்ப உருவத்தை மாற்றிக்கொண்ட அவர்களுடைய அறிவு போற்றத்தக்கது. இப்போது கடைகளில் விற்பவை அலுமினியச் சட்டமும் செயற்கைத் துணித்தளமும் கொண்டவை. உறைந்த சரிவில் வழுக்காதிருக்க அடியில் உலோகப் பற்கள் இருக்கும். பூட்சின் முன்பகுதி மட்டும் மிதியடியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், குதிகாலைத் தூக்கும்போது மிதியடியின் பின்பகுதி பனியிலேயே தங்கி இழுபடும். அந்த அமைப்பினால்தான் கால் எளிதில் முன்னேறுகிறது.

நடக்கத் தெரிந்தவருக்கு இதில் கற்க வேண்டியது அதிகமில்லை. கால்களைச் சற்று அகல வைத்து, ஒரு மிதியடியின் மேல் மற்றொன்று ஏறாதபடி பார்த்துக்கொண்டால் போதும். பின்னோக்கி நடக்க முயன்றால் வால் பனியில் குத்திக்கொண்டு ஆளைச் சாய்த்துவிடுமாதலால், திரும்ப விரும்புகிறவர் ஒரு சிறு வட்டமடித்துத் திரும்ப வேண்டும். கையில் இரண்டு ஊன்றுகோல்கள் இருந்தால் சமநிலை தவறாது. புதுப் பனியில் முதலில் செல்பவருக்கே பாடு அதிகம். அவர் மிதித்த தடத்தில் பின்வருவோர் சுகமாக வருவார்கள். எனவே கூட்டமாகச் செல்கிறவர்கள் முறை வைத்து முன்னே போவது வழக்கம். ஸ்கீ சறுக்கிச் செல்வோர் இட்ட இரட்டைக் கோட்டின் மேல் மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி நடப்பது இங்கே எல்லோரும் பேணும் மரியாதை. உடுப்பு விஷயத்தில்தான் புதியவர்கள் கவனம் செலுத்த வேண்டும். கடுங்குளிர் என்று பயந்து ஒரே தடித்த கோட்டை மாட்டிக்கொண்டால், பத்து நிமிஷத்தில் உடல் வியர்த்து, நின்றவுடன் அந்த வியர்வையே குளிரைக் கொண்டுவரும். பருத்தித் துணியோ ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கம்பளியோ செயற்கை இழையோ ஆன மெல்லிய உடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்து, சூடேறும்போது ஒன்றைக் களைந்து, நிற்கும்போது மீண்டும் அணிவதே உசிதம். டிசம்பர் பிற்பகுதியில் பகற்பொழுது ஒன்பது மணி நேரமே உண்டு. மேற்கு மலையின் நிழல் பள்ளத்தாக்கில் சூரியாஸ்தமனத்துக்கு முன்பே விழுந்துவிடும். பொழுது இருக்கும்போதே திரும்பத் தொடங்க வேண்டும்.

கானடைஸின் சமதளப் பாதை முதன்முறையாக மிதியடி கட்டுவோருக்கு மிகவும் ஏற்றது. பழகியவர்கள், பள்ளத்தாக்கில் பனி மெலிந்திருக்கும் நாட்களில், கிழக்கு மலையின் மேலுள்ள ஹாரியட் ஹாலிஸ்டர் ஸ்பென்சர் பொழுதுபோக்குப் பிரதேசத்துக்கு ஏறிச் செல்கிறார்கள். 2,000 அடிக்கு மேற்பட்ட அதன் உச்சியில் பனி நின்று கிடக்கும். அங்கிருந்து ஹனியாய் ஏரியும், வானம் தெளிந்திருந்தால் வெகுதூரத்தில் ராச்செஸ்டர் நகரத்தின் உயர்ந்த கட்டடங்களும் தெரியும்.

கோடையில் இலைகள் மறைத்து வைத்திருந்ததையெல்லாம் குளிர்காலம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நரி ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்துச் சென்ற சிற்றடிகள், மான் பிளவுக் குளம்புகளால் பனியைக் கிளறி ஓக் கொட்டை தேடிய இடம், அணில் ஒரு மரத்திலிருந்து இறங்கி மறு மரத்தில் ஏறிய தடம் ஆகியவை பாதையின் இருபுறமும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். இலையில்லாத கிளைகளுக்கு மேலே கண்ணை ஓட்டினால், அதிர்ஷ்டமுள்ள நாளில் வெண்தலைக் கழுகு ஒன்று ஏரியின் மேல் வட்டமிடுவதைக் காணலாம். அந்தக் கழுகு இன்று நியூயார்க் வானத்தில் பறப்பதற்கு ஹெம்லாக் ஏரிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து மீன்களின் உடம்பில் சேர்ந்து, மீனை உண்ட கழுகின் உடம்பில் சேர்ந்து, அதன் முட்டையோட்டை மெலியச் செய்ததால், அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே முட்டைகள் நொறுங்கிப்போயின. அம்மருந்து 1972-இல் அமெரிக்காவில் தடைசெய்யப்படுவதற்குள், ராஜ்யம் முழுவதிலும் கழுகு வசித்த கூடு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அது ஹெம்லாக் ஏரியின் தென்முனையில் இருந்தது. கரையில் வீடும் வேகப் படகும் இருந்திருந்தால் அந்தக் கடைசி ஜோடியும் அவ்விடத்தை விட்டகன்றிருக்கும் என்று நம்புவதற்கு எனக்குத் தயக்கமில்லை, ஏனெனில் கூட்டருகே மனித நடமாட்டத்தை அப்பறவை பொறுப்பதில்லை. 1976-ஆம் ஆண்டில் ராஜ்ய சர்க்கார் கழுகுகளை மீட்கும் முயற்சியைத் தொடங்கிற்று. பெரும்பாலும் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்த குஞ்சுகளை உயர்ந்த மேடைகளில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். சொந்த முட்டை பொரியாத ஹெம்லாக் ஜோடியின் கூட்டில் வேறிடத்தில் பிறந்த குஞ்சுகளை வைக்க, அவை தம் மக்களைப் போலவே வளர்த்து ஆளாக்கின. 1988 வரையில் விடப்பட்ட 198 கழுகுகளின் சந்ததி இப்போது ராஜ்யமெங்கும் கூடு கட்டுகிறது.

இன்றைக்கு ஆபத்திலிருப்பது ஏரிக்குப் பெயர் தந்த மரமே. ஹெம்லாக் என்பது நிழலிலும் மெதுவாக வளர்ந்து பல நூற்றாண்டுகள் வாழக்கூடிய ஊசியிலை மரம். செங்குத்தான ஓடைக்கரைகளில் வேரூன்றி மண்ணைப் பிடித்துக்கொண்டும், குளிர்காலத்திலும் உதிராத தன் இலைகளால் நீருக்கு நிழல் கொடுத்துக்கொண்டும், ஏரிக்குள் இறங்கும் தண்ணீரைக் குளிர்ச்சியாகவும் கலங்காமலும் வைத்திருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு பூச்சி, அதன் சிறுகிளைகளின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு மரம் சேமித்து வைத்த சத்தை உறிஞ்சுகிறது. சில ஆண்டுகளில் முழு மரமும் காய்ந்துவிடும். மிதியடிக்குச் சட்டம் தந்த ஆஷ் மரத்தையோ, மற்றொரு ஆசிய வண்டு பட்டைக்கடியில் துளைத்துக் கொன்று வருகிறது.

ஹெம்லாக்கின் பூச்சி தன்னைச் சுற்றி வெண்ணிறப் பஞ்சு போர்த்திக்கொள்ளும் காலம் குளிர்காலம். ஆகையால் அதைத் தேடிச் செல்வதற்கும் அதுவே தக்க சமயம். விரல் ஏரிப் பிரதேசத்தில் தொண்டர்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பனி மிதியடி கட்டிக்கொண்டு சரிவுகளில் ஏறி, கைக்கெட்டும் கிளைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, பஞ்சு கண்ட மரங்களைக் குறித்து வருகிறார்கள். குறித்த மரங்களில் சிலவற்றுக்கு மருந்து செலுத்தப்படுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்காவின் மேற்குக் கரையில் இப்பூச்சியையே தின்று வாழும் ஒரு சிறு கறுப்பு வண்டைக் கொண்டுவந்து, இங்குள்ள ஹெம்லாக் கிளைகளில் விட்டுவருகிறார்கள். அந்த வண்டு போதிய அளவு பெருகுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரையில் தொண்டர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் அதே சரிவுகளுக்குத் திரும்பிச் சென்று, சென்ற வருஷம் குறித்த மரங்களின் கிளைகளை மறுபடியும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.